நச்சரிக்காதவள்

...இவளுக்குப் போய் இப்படி ஒரு கொடுப்பினையா என்று நினைத்ததும் தன்மீதே அவளுக்கு அருவருப்பு வந்தது, ஆனாலும் கண் நகரவில்லை, பல்கலைக்கழக ஆபீஸ் வராந்தாவில் எதிர் பெஞ்சில் அந்த மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், மூச்சு சட்டைக்குள் ஏறி இறங்குவது தெரிந்தது, யாரும் கேட்காமலே, அது பாட்டுக்கு... பக்கத்தில் அவர் மனைவி பையைக் குடைந்து மாத்திரை தேடிக்கொண்டே திட்டினாள். "லிஃப்ட்ல வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? காதுல என்ன, பெயின்ட் அடைச்சிருக்கா?" அவர் சிரித்தார். "பாத்தியா தங்கச்சி, சாவுகூட இவகிட்ட டோக்கன் வாங்கிட்டுத்தான் வரணும்." சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், பத்து ஐந்து.

இவர்கள் இன்றைக்கு இங்கே இருந்திருக்கவே கூடாது, ஆபீஸில் யாரோ இரண்டு வீட்டுக்கும் ஒரே மணியைக் குறித்துவிட்டார்கள். அவள் கணவரைப் போல அறுபது வயதுக்குள் இறந்துபோன ஒவ்வொருவருக்கும் ஒப்பாக, அதே வயதில், அதே வேலையில், உயிரோடு இருக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டு, வீடு, வேலை, சாப்பாடு, நோய் எல்லாவற்றையும் இருவர் வீட்டிலும் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம், பல்கலைக்கழகத்துக் கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஒப்புக்கு எடுத்த ஆளின் பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, பஸ் டெப்போ பெயின்ட் ஷெட்டில் அந்த வயதில் வேறு யார் மிச்சம்? ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே தெரு, இவர் மூன்றாம் வருஷமே நிரந்தரமானார், அவள் கணவர் கடைசிவரை காண்ட்ராக்ட், அது ஒன்றுதான்... இல்லை, இன்னொன்றும் உண்டு. இவர் வீட்டில் விடிந்தால் சண்டை, அவள் வீட்டில் சத்தமே கிடையாது. "என் வீட்டுக்காரி உயிரை எடுக்கமாட்டா, நான் குடுத்துவெச்சவன்" என்று கணவர் பத்துப் பேர் நடுவில் சொல்லும்போது இந்த மனிதர் பெருமூச்சு விடுவார், அவள் தலையைக் குனிந்துகொள்வாள், உள்ளே என்ன பூரிப்பு! யார் யாரைப் பார்த்து ஏங்கிய காலம் அது... காலையில் பல் தேய்க்கும்போது கணவர் இருமுவார், சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயை முழுக்கத் திறந்துவிடுவார், கேட்காத மாதிரி அவளும் பாத்திரத்தை உருட்டுவாள், இரண்டு வருஷம் உருட்டினாள், குழாய் நிற்கும், துண்டால் வாயைத் துடைத்தபடி வருவார், டீ நன்றாயிருக்கு என்பார், டீ நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்குத் தன் மகள் வயதுதான் இருக்கும், மேஜையில் தண்ணீர், டிஷ்யூ பெட்டி, அழுதுவிடுவோம் என்று முன்கூட்டியே தயாராக வைத்திருக்கிறாள், அழமாட்டேன் என்று உடனே ஒரு வீம்பு வந்தது. வீட்டில் எத்தனை அறை, எத்தனை ஜன்னல், எத்தனை மணிக்கு வேலை... பதில் வந்துகொண்டே இருந்தது, இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தது வீண்போகவில்லை, எல்லாம் தெரிந்திருக்கிறது. "இருமல் வந்தப்ப டாக்டர்கிட்ட போகச் சொல்லி முதல்ல வற்புறுத்துனது யாரும்மா? மனைவி, பிள்ளைங்க, கூட வேலை செய்றவங்க, யாருமில்ல. இதுல ஒண்ணு." நான்தான் என்றாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?" தினமும், படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... சொன்னபிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது, காது சுட்டது, திருடியவள் மாதிரி கதவைப் பார்த்தாள். அந்தப் பெண் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, பேனாவைக் கீழே வைத்தாள். "மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா. நிரந்தர ஆளுங்களுக்கு வருஷம் ஒரு எக்ஸ்ரே கட்டாயம், காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் கிடையாது. இதுவரைக்கும் பார்த்ததுல வித்தியாசம் அங்கதான் வருது. வீட்ல சொன்னாங்களா இல்லையாங்கறதுல பெருசா ஒண்ணும் தெரியல."

அப்படிப் போடு என்றது மனசு, வயிறு குளிர்ந்துபோயிற்று, அப்போ வெளியே இருக்கிறவள் தொண்டை கிழியக் கத்தியதில் ஒன்றும் நடக்கவில்லை, புருஷனைக் காப்பாற்றியவள் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை, ஒரு பிலிம், ஒரு சீல், அவ்வளவுதான்... அவ்வளவுதானா? அவள் கத்தல் எதையும் காப்பாற்றவில்லை என்றால் என் வாய்மூடல் எதையும் கெடுக்கவும் இல்லையா? இரண்டு வருஷம் பாத்திரத்தை உருட்டினேனே, அது கணக்கிலேயே இல்லையா? அந்த எக்ஸ்ரே மெஷினுக்கு இருக்கிற இடம்கூட அவருடைய சாவில் எனக்குக் கிடையாதா?

"அதைத் திருத்தும்மா."

"எதைம்மா?"

"நான் சொல்லல. ஒரு தடவைகூடச் சொல்லல."

"அப்போ யாருமில்லன்னு போட்டுடறேன்."

"யாருமில்லன்னு ஏன் போடற? நான் இருந்தேன். தெரிஞ்சுதான் இருந்தேன். அப்படி எழுது."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையேம்மா."

ஓரத்தில் எழுது என்றாள், ஓரத்தில் அரை விரல் அகலம்தான் வெள்ளை இருந்தது, அந்தப் பெண் பேனாவை அங்கே கொண்டுபோய், எப்படித் தொடங்குவது என்று அவளையே பார்த்தாள், கதவுக்கு வெளியே அந்தக் குரல், மெதுவா எந்திரிங்க, செருப்பை மாட்டுங்க, எதுக்கு இவ்வளவு அவசரம், சொன்னா கேக்கறீங்களா... அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், ஒரு சொல் விடாமல், தன்னை யாராவது அப்படித் திட்டமாட்டார்களா என்பது போல.