தோலின் அகலம்

என் நாத்தனார் எதையும் லேசில் பாராட்டுகிற ஆளில்லை. என் கல்யாணப் புடவையையே “பரவாயில்ல” என்றவள். அப்படிப்பட்டவள், நான் வடிவமைத்த காய் சீவும் பீலருக்குச் சோதனைத் தாளில் பத்துக் கேள்விக்கும் ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தபோது எனக்கு உறுத்தியது. ஆனாலும் தாளை ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

சமையல் சாமான் செய்யும் சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. பழைய பீலர் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும். புதியதில் விரலுக்கு ஒரு தடுப்பு வைத்தேன், பிடியைத் தடிமனாக்கி ரப்பர் போர்த்தினேன், பிளேடையும் அகலமாக்கினேன். மறுநாள் காலை பிடியை வார்க்கும் அச்சை வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் மாற்ற முடியாது. முதல் ஆர்டர் நாத்தனார் காய் நறுக்கும் கேன்டீனுக்கு. அதனால்தான் சோதித்துப் பார்ப்பவர்களில் அவளையும் சேர்த்து, வீட்டில் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னேன்.

தாளைக் கொடுத்த அன்று மாலை அவள் குளிக்கப் போனதும் குப்பைக் கூடையைக் கிளறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. உருளைக்கிழங்குத் தோல் முழுக்க ஒடுக்கமான கீற்றுகள். பழைய பிளேடின் அகலம். என்னுடையது ஒரு கீற்றைக்கூடச் சீவவில்லை.

நான் மூக்குடைபடுவதைப் பார்க்கக் காத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒருவரைச் சந்தேகிக்கத் தொடங்கினால் பழைய நாட்களெல்லாம் சாட்சி சொல்ல வரிசையில் வந்து நிற்கின்றன. நான் அறைக்குள் நுழைந்ததும் அவள் தன் தம்பியிடம் பாதியில் நிறுத்திய பேச்சுகள், ஒவ்வொன்றாக.

ஈரத் தலையோடு வந்தவளிடம் ஒரு கேரட்டையும் என் பீலரையும் நீட்டினேன்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு சீவிக் காட்டுங்க.”

“அதான் பத்துக்குப் பத்து போட்டேன்ல? இன்னும் என்ன, மாலை போடணுமா?”

“கூடையில தோலைப் பாத்தேன்.”

“குப்பையைக் கிளறுற அளவுக்கு வந்துட்டியா?”

வெடுக்கென்று வாங்கினாள். தடித்த பிடியைச் சுற்றி அவள் விரல்கள் மூடவில்லை. கட்டைவிரல் மடங்காமல் விறைத்து நின்றது. இரண்டாவது இழுப்பில் பீலர் நழுவி அவள் பாதத்துக்கு அருகில் விழுந்தது.

“ஆறு மாசமா கை மரத்துப் போகுது. பழசு ஒல்லி. ரெண்டு விரலால சமாளிச்சிடுவேன்.”

“இதை எழுதியிருக்கலாமே?”

“எழுதினா? தாள்ல என் பேரு இருக்கு. கேன்டீன்காரர் கண்ணுல பட்டா, மறுநாளே ‘வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா’ன்னு அனுப்பிடுவாரு.” என்னை உற்றுப் பார்த்தாள். “என் கையை வேவு பாக்கத்தானே இதைக் கொண்டுவந்த? தம்பி சொல்லிவிட்டானா?”

“இல்லக்கா.”

எனக்கே அது பொய்போல ஒலித்தது. போன மாதம் அவள் கையிலிருந்து இரண்டு டம்ளர்கள் விழுந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்ததை மறந்துவிட்டேனா, மறந்ததுபோல இருந்துவிட்டேனா?

முதலாளிக்குப் போன் செய்தேன். “சார், அச்சு வெட்ட வேண்டாம். பிடி ரொம்பத் தடிமன். விரல் சரியா மடங்காதவங்க கையில நிக்காது. பிளேடோட நழுவிக் கால்ல விழும்.”

“எல்லாத் தாள்லயும் நல்லா இருக்குன்னுதானே வந்திருக்கு? யாரு சொன்னது?”

நாத்தனார் அசையாமல் நின்றாள்.

“யாரும் சொல்லல சார். விரல் மடங்காதபடி மொத்தமான கையுறை போட்டு நானே பிடிச்சுப் பாத்தேன்.”

“அப்ப உங்க நாத்தனார் எழுதினது?”

“அவங்க எழுதல. அவங்க பேர்ல நான்தான் நிரப்பினேன்.”

“நாளைக்கு வந்ததும் முதல்ல என் ரூமுக்கு வாங்க” என்று வைத்துவிட்டார்.

“எதுக்கு அப்படிச் சொன்ன?” என்றாள் நாத்தனார். குரலில் நன்றியில்லை. “இதைச் சொல்லிக் காட்டி நாளைக்கு என்கிட்ட என்ன கேக்கப் போற?”

“ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“பாக்கலாம்.”

பழைய பீலரை எடுத்துக்கொண்டு, கை எனக்குத் தெரியாதபடி திரும்பி நின்று மிச்சக் கேரட்டைச் சீவத் தொடங்கினாள்.