கசத்துக்காரி

ஆறுமுகத்தாய்க்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஆனாலும் அறுபத்து நாலாம் வருஷம் முழுக்க ஒரு புத்தகத்தின் மேல் பைத்தியமாகக் கிடந்தாள்.

பம்பாய்த் தாராவியில், தோல் கிடங்குகளுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சின்ன அறை. துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்தபின், முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போட்டுப் பிழைத்தாள். அவளிடம் முறுக்கு வாங்கும் மளிகைக் கடைக்காரர் காசிராஜனின் மகள் அன்னத்தாய். எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் கடை ஓய்ந்ததும் முறுக்கு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வருவாள். கக்கத்தில் மாட்டுங்கா வாடகை நூலகத்துப் புத்தகம் இருக்கும்.

அது பேய்க்கதை. ஆற்றில் கசம் என்கிற ஆழமான மடு ஒன்றில் ஒருத்தியைத் தள்ளிக் கொன்றுவிடுகிறார்கள். அவள் அங்கேயே கிடந்து, குளிக்க வருகிறவர்களின் காலைப் பிடித்து இழுக்கிறாள். ஒரு நாள் குயவர் மகள் ஒருத்தி தண்ணீர் எடுக்க இறங்குகிறாள். கசத்துக்காரி அவள் காலைப் பிடிக்கிறாள், ஆனால் இழுக்கவில்லை. வெடித்துக் கிடந்த பாதத்தைத் தண்ணீருக்குள்ளேயே தடவிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறாள்.

ஆறுமுகத்தாய் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். "ஏட்டி, பேய்க்கு இப்படியும் ஆசை வருமா? அதுவும் ஒரு பொம்பளப் பிள்ள மேல?"

"மனுசின்னா ஊரு கேக்கும். பேய யாருக்கா கேக்கப் போறா?" என்றாள் அன்னம், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பதில் ஆறுமுகத்தாய்க்குப் பிடித்துப்போயிற்று. அவள் பார்த்த சினிமாவில் எல்லாம் பெண் என்றால் யாருக்காவது பெண்டாட்டி, யாருக்காவது தாய். கசத்துக்காரி யாருக்கும் எதுவும் இல்லை. இருட்டுத் தண்ணீரில் கிடந்தாலும் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொண்டாள். கேட்கக் கேட்கப் பயத்தில் உடம்பு சிலிர்க்கும். அன்னத்தின் கையைப் பற்றிக்கொள்வாள். பயம் போன பிறகும் விடத் தோன்றாது. அன்னமும் மற்றக் கையால்தான் பக்கம் புரட்டுவாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம், 'என்கூடக் கசத்துக்குள்ள வந்துருதியா?' என்று குயவர் மகளைக் கசத்துக்காரி கேட்கும் இடம் வந்தது. அன்னம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நீ என்னக்கா சொல்லுத? அவ போவணுமா?"

"போவக் கூடாதுட்டி. கிறுக்கச்சி மாதிரி போயிட்டா, பெத்தவங்க கதி என்ன? நாலு பேரு என்ன பேசுவாவ?"

"அப்ப சரி" என்று அன்னம் புத்தகத்தை மூடினாள். "மிச்சத்தப் பொறவு படிக்கலாம்."

பிறகு படிக்கவே இல்லை. செம்பூர் அரிசிக்கடை வீட்டில் அவளைப் பேசி முடித்தார்கள். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் தட்டிக் கழித்தவள் இந்தத் தடவை தலையாட்டிவிட்டாள் என்று காசிராஜன் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். கல்யாணத்துக்கு ஆறுமுகத்தாய்தான் முறுக்குச் சுட்டாள்.

புத்தகம் அவள் அறையிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்க மாட்டுங்காவுக்குப் போனாள். நூலகக்காரர் ஜகந்நாதன் நல்ல மனிதர்.

"ஐயா, கடைசியில அந்தக் குயவர் மக என்ன ஆனா? வாசிச்சுச் சொல்லுங்க."

"எந்தக் குயவர் மகள்? இது நான் படிச்ச புஸ்தகம்தாம்மா. பேய் ஜமீன்தாரைப் பழிவாங்கறது. மந்திரவாதி வந்து அதை மரத்துல ஆணியடிச்சுக் கட்டிடறான். குயவர் மகள்னு யாருமே கிடையாதே."

"நல்லாப் பாருங்கய்யா. கசத்துல கால அவ புடிப்பா. புடிச்சிட்டு விட்டுருவா."

அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "விடவே இல்லையேம்மா. பிடிச்ச எல்லாரையும் கொன்னுடறது."

ஆறுமுகத்தாய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை மத்தியானமும் அன்னம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே எழுத்தில் இல்லாததைச் சொல்லியிருக்கிறாள். குனிந்து தன் வெடித்த பாதத்தைப் பார்த்தாள்; கதையில் தடவிக்கொடுத்த பாதம் யாருடையது என்று இப்போது தெரிந்தது. கூட வருகிறாயா என்று கேட்டதும் பேய் இல்லை.

அப்படியே ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூருக்குப் போனாள். அன்னத்தின் மாமியார் முன்னறையில் முறத்தை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்னம் டீ கொண்டு வந்தாள்.

"புத்தகத்தக் குடுத்துட்டேன்ட்டி. அவர வாசிக்கவும் சொன்னேன்."

அன்னம் டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் அன்னம். அந்தப் பிள்ள போயிருக்கணும்."

"எந்தப் பிள்ள?" என்று மாமியார் நிமிர்ந்தாள்.

"பேய்க்கதை அத்தை" என்றாள் அன்னம். பிறகு ஆறுமுகத்தாயைப் பார்த்து மெல்லச் சொன்னாள்: "அவளுக்குக் கல்யாணம் ஆயிட்டுக்கா. இனிமே அந்தப் பக்கம் தண்ணிக்கு வரமாட்டா. டீயக் குடிங்க, ஆறிப்போவுது."

இத்தனை நாளும் 'நீ' என்றவள், இப்போது 'குடிங்க' என்கிறாள். ஆறுமுகத்தாய் டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த வருஷம் தலைப்பிரசவத்துக்கு அன்னம் தாராவிக்கு வந்தாள். பெண் குழந்தை என்று காசிராஜன் கடையில் எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தார். ஆறுமுகத்தாயும் வாங்கித் தின்றாள். தினமும் மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். பிள்ளையோடு அன்னம் செம்பூருக்குத் திரும்பிப் போய்விட்ட சேதி, கடைக்குப் போன இடத்தில்தான் காதில் விழுந்தது.