சரக்கு நகர மூன்று சாவு

1

இந்தக் கதை ஒரு வகுத்தலில் பிறந்தது. ஓராண்டில் விற்ற சரக்கின் அடக்கவிலையை, சராசரியாகக் கடையில் கிடக்கும் சரக்கின் மதிப்பால் வகுத்தால், சரக்கு எத்தனை முறை விற்றுப் புதிதாகிறது என்று தெரியும். இதில் கதை எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக் களைத்தேன்.

2

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், பனி விலகாத அந்தக் காலையில்...

(வேண்டாம். எல்லாத் தோட்டக் கதையிலும் பனி விலகிக்கொண்டே இருக்கிறது.)

தோட்டக் கூட்டுறவுக் கடையை நடத்துபவர் நீலாவதி. ஆண்டுக்கு ஆறு முறையாவது சரக்கு சுழலாத கடைகளை மூடிவிடுவது என்று சிரம்பானில் இருக்கும் தலைமையகம் முடிவெடுத்திருந்தது. அங்கிருந்து வந்த சசிதரன் கணக்குப் போட்டான்: நான்கு. அரிசியும் பிஸ்கட்டும் ஓடின. இழுத்துப் பிடித்தவை பின்னறையில் கிடந்த மூன்று சவப்பெட்டிகள்.*

"முன்னுக்கு வச்சு மலிவு போடுங்கக்கா."

"போட்டா? நாளைக்கு ஆகும்னு வாங்கி வீட்டுல வைப்பாங்களா தம்பி?"

வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பழைய லாரி ஓட்டுநர் மாயாண்டி சிரித்தார். "எனக்கு ஒண்ணு புக் பண்ணிக்கம்மா. டெலிவரி மட்டும் மெதுவா லா."

"சும்மா இருங்கண்ணே."

சசிதரன் சிரிக்கவில்லை. "தள்ளிவிட்டுடுங்கக்கா. போன் அடிச்சா சிரம்பான்லேருந்து பெட்டியோட வேன் வருது."

"மழையில இந்த மண்ரோட்டுக்கு எந்த வேன் வருது? போன தடவ பொணத்த வச்சுக்கிட்டு ரெண்டு நாளு உக்காந்திருந்தோம். அப்புறந்தான் பெட்டி வாங்கி வச்சேன்."

"அப்ப கடை போயிரும்க்கா. உங்க சம்பளமும்."

நீலாவதி பின்னறைக்குப் போனார். பெட்டிகள் மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

* பெட்டி வாங்க வருபவரை நீலாவதி "வாங்க" என்று அழைப்பதில்லை. "போயிட்டு வாங்க" என்று அனுப்புவதுமில்லை. இதற்குச் சசிதரனின் கணக்கில் இடமில்லை.

3

முதல் வரைவில் சசிதரன் கெட்டவன். அடித்துவிட்டேன். அவன் கணக்கு சரி. நீலாவதி சொல்வதும் சரி. இருவருமே சரியாக இருக்கும் கதையை முடிப்பதைப்போல் அலுப்பு வேறில்லை.

4

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: பெட்டிகளை என்னால் விற்க முடியும்.

அன்று மாலை மாயாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு...

போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டி போனால் நான்கரை. பக்கத்து வீட்டிலும் ஒருவர் போனால் ஐந்தைத் தாண்டும். ஆறைத் தொட மூன்றாவதும் போக வேண்டும். அது குழந்தைக்கான பெட்டி.

பேனாவை மூடிவிட்டேன்.

சசிதரன் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறான். நீலாவதி பெட்டிகளைத் தள்ளிவிட்டுக் கடையைக் காக்கலாம். பெட்டிகளை வைத்துக்கொண்டு கடையை இழக்கலாம். இரண்டுமே எனக்கு எழுத வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

விற்றுத் தீர்த்து மட்டும் முடித்துவிடாதீர்கள்.