மூன்று நாள் மாத்திரை

கோதாவின் வயிற்றில் மறுபடி சீழ் வைத்துவிட்டது.

எடை குறைவதற்காக இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டை மாட்டி, அதை இறுக்கவும் தளர்த்தவும் போர்ட் என்று பொத்தான் மாதிரி ஒன்றைத் தோலுக்கடியில் பதித்து ஒன்றரை வருஷமாகிறது. முப்பத்தோரு கிலோ குறைந்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அவள் வீதியே வாயைப் பிளந்தது. இப்போது போர்ட் இருக்கும் இடம் சிவந்து கசிந்துகொண்டிருந்தது.

தில்லைநகரில் டாக்டர் சபீனா கட்டைப் பிரித்துப் பார்த்தார். "போன வாரம் ஆறிட்டு வந்துச்சே மாமி. மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"நடுவுல வைகுண்ட ஏகாதசி வந்துடுத்து டாக்டர். சுத்தப் பட்டினி. மாத்திரையும் போடலை."

"நல்ல கூத்து! மாத்திரை என்ன சாப்பாடா? எங்க நோன்புலகூட நோயாளிக்கு விலக்கு இருக்குங்க."

கூட வந்திருந்த கணவர் வரது முன்னால் நகர்ந்தார். உடம்பு பருத்திருந்தபோது அவள் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்த நாட்களை அவர் மறக்கவில்லை. "பட்டையை எடுக்கும்படி ஆயிடுமா டாக்டர்?"

"போர்ட்டை எடுத்தே ஆகணும். தொற்று உள்ளே இறங்கியிருந்தா பட்டையும் போயிடும்."

போகட்டுமே என்று கோதாவின் மனசு அடித்துக்கொண்டது. அடுப்படியில் தளிகை பண்ணிப் பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப்பண்ணியதும், சாத்தமுது என்கிற ரசத்தின் வாசனையில் வாய் ஊறும். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. அதுகூடத் தொலையட்டும். அவள் எதிரில் சாப்பிட மனசு வராமல் வரது ஆபீஸ் கேன்டீனிலேயே முடித்துக்கொண்டு வருகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே மோர்சாதம் வரை இழுத்தடித்த சாப்பாடு! அப்படி ஒரு வேளைக்கு ஏங்கிச் செத்தாள். யாரிடம் சொல்வது? இளைத்தவளுக்கு என்னடி குறை என்பார்கள்.

சபீனா மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினார். "ஏகாதசி ஒரு நாள்தானே மாமி? மூணு நாள் மாத்திரை மிச்சமிருக்கே?"

கோதா ஒப்புக்கொண்டாள். "ஆறலைன்னா நீங்களே பட்டையை எடுத்துடுவேள்னு நெனச்சேன்."

"கோதா!" என்று பதறினார் வரது. "பைத்தியமா உனக்கு?"

"உங்களோட உட்கார்ந்து சாப்பிடணும், அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." குழந்தை மாதிரி அழுதாள்.

"உன்னை வெச்சுண்டு நான் மட்டும் எப்படிடி சாப்பிடறது? பாவமா இருக்காதா?"

"இல்லை. நீங்க என்னோட சாப்பிட வராததுதான் பாவமா இருக்கு."

சபீனா மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "நாளைக்குக் காலையில ஆபரேஷன். பட்டையைக் காப்பாத்தத்தான் பார்ப்பேன், திட்டாதீங்க. மாமி இன்னிக்கே அட்மிட் ஆகட்டும். மத்தியானச் சாப்பாட்டை ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க," என்றார்.

வரது தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்தார். வார்டு கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். கோதாவுக்கு இரண்டாவது கரண்டியிலேயே வயிறு அடைத்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அவசர அவசரமாக வாயில் திணித்தார்.

கோதா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா சாப்பிடுங்கோ," என்றாள்.