நாரை போட்ட குச்சி

அன்று காலை அப்பா என் கண்களைக் கைக்குட்டையால் கட்டித்தான் ஊர்ச் சதுக்கத்துக்கு இழுத்துப் போனார்.

"அப்பா, கல்லு தடுக்குது!"

"தடுக்கட்டும். விழுந்தாலும் கண்ணைத் திறக்காதே. மணிக்கூண்டு மேல நாரை வந்து நிக்குதாம். நிக்கிறப்பவே நீ பாத்துடணும், நெவேனா."

எங்கள் பக்கத்தில் மார்ச் முதல் தேதி எல்லோரும் மணிக்கட்டில் மார்தெனித்சா கட்டிக்கொள்வோம். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல். முதல் நாரையைப் பார்த்ததும் அதை அவிழ்த்துத் துளிர்விட்ட கிளை ஒன்றில் கட்ட வேண்டும். பறக்கும் நாரையைப் பார்த்தவர் அந்த வருஷம் ஊர் விட்டு ஊர் போவார். நிற்கும் நாரையைப் பார்த்தவர் இருந்த இடத்திலேயே இருப்பார்.

நான் நூல் கட்டிய அன்றே லியூபென் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டான். அப்பாவின் பித்தளை வாத்தியக் குழுவில் அவன் ஹெலிகான் வாசிக்கிறான். மலைப்பாம்பு போலத் தோளைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் அண்டா வாயைத் திறந்திருக்கும் பெரிய குழல் அது. அவன் ஊர் விதின். அவனோடு போனால் அப்பாவின் குழுவில் டிரம்பெட் ஊத நான் இல்லை. போகாவிட்டால் எனக்கு லியூபென் இல்லை. முடிவை நாரையிடமே விட்டேன்.

"நாரை பறந்தா உன்னோட வரேன். நின்னா அப்பாவோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், ஊர் இரண்டாகிவிட்டது. பெரிய மேளம் அடிக்கும் மீத்தோ சித்தப்பா லியூபென் கட்சி. நாரை எங்காவது உட்கார்ந்தால் ஓர் அடி அடித்துக் கிளப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

சதுக்கத்தில் அப்பா கட்டை அவிழ்த்தார். மணிக்கூண்டின் மேல் கூடு இருந்தது. நாரை இல்லை.

"இப்பத்தான் இருந்துச்சு!" அப்பா தொப்பியைத் தரையில் அடித்தார். "டேய் மீத்தோ, நீதானே விரட்டினே?"

"நான் தும்மக்கூட இல்லை அண்ணே! கூடு கட்டக் குச்சி பொறுக்கப் போயிருக்கும். உங்களை மாதிரி வெறுமனே கத்திட்டிருக்குமா?"

கூட்டம் சிரித்தது. வாத்தியங்களோடு காத்திருந்த குழுவைப் பார்த்து அப்பா கையைத் தூக்கினார். வாசிக்கத் தொடங்கினோம்.

மார்ச் மாதத்தை ஆளும் மார்த்தா கிழவியைப் பற்றி அப்பா கட்டிய மெட்டு அது. கிழவி சிரித்தால் வெயில். அது என் டிரம்பெட். கோபித்தால் பனி, அது ஹெலிகான் தனியாக உறும வேண்டிய இடம். வெயில் முடிந்தது. லியூபென் கன்னத்தை உப்பி ஊதினான்.

"புஸ்ஸ்ஸ்."

"என்னடா இது? கிழவிக்கு ஜலதோஷமா?" என்றார் அப்பா.

"எதுவோ உள்ள விழுந்துடுச்சு மாஸ்டர்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். கூட்டுக்கு மேலே நாரை! கால் கூட்டைத் தொட்டுவிட்டது; இறக்கை இன்னும் மடங்கவில்லை. அலகில் குச்சி இல்லை.

"நிக்குது!" என்று அப்பா கத்தினார்.

"பறக்குது!" என்று மீத்தோ சித்தப்பா கத்தினார்.

"காலைப் பாருடா!"

"இறக்கையைப் பாருங்க அண்ணே!"

எனக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. நின்றால் என்ன, பறந்தால் என்ன, முதலில் குச்சியை எடுப்போம் என்று ஹெலிகானின் வாய்க்குள் தோள் வரை கையை விட்டேன். குச்சி தட்டுப்பட்டது. கைதான் வரவில்லை. லியூபென் ஒரு பக்கம் இழுத்தான், நான் ஒரு பக்கம் இழுத்தேன், மீத்தோ சித்தப்பா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மூவரும் கல்தரையில் உருண்டோம்.

எழுந்து பார்த்தால் என் கையில் வில்லோ மரக்குச்சி. நுனியெல்லாம் பச்சைத் துளிர். என் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அறுந்த மார்தெனித்சா நூல் குச்சியைச் சுற்றி அழகாக முடிச்சு விழுந்து கிடந்தது.

அப்பா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டியாச்சு" என்றார் மெதுவாக. "அதுவும் இவன் குழலுக்குள்ள. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" பிறகு குரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. ஹெலிகான் குழுவோடது. அது விதினுக்கு வராது!"

"யாரு மாஸ்டர் விதின் போறா?" என்றான் லியூபென், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "அங்க எனக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. நான் இங்கயே இருக்கத்தானே வந்தேன்!"

நான் அவனை முறைத்தேன். "இதை ஏண்டா முன்னாடியே சொல்லலை?"

"நீ எங்கடி என்னைக் கேட்டே? நாரையைத்தானே கேட்டே!"

அப்பாதான் முதலில் சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தரையில் கிடந்த தொப்பியை எடுத்து லியூபென் தலையில் கவிழ்த்தார். "மாஸ்டராம் மாஸ்டர்! மாமான்னு கூப்பிடுடா கழுதை. உறுமு!"

லியூபென் ஊதினான். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மேலே நாரை திடுக்கிட்டு, எங்கள் தலைகளுக்கு மேல் இறக்கை விரித்துப் பறந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்தது என் டிரம்பெட்.