இடது பின்னங்கால்

அவளுடைய நாத்தனாருக்கு எதிலாவது ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த முதல் நாளே தம்பி பெண்டாட்டி கதவைச் சாத்திய சத்தத்தில் ஆரம்பித்தவர், பதினெட்டு வருஷமாக இன்னும் முடித்தபாடில்லை. வீட்டில் அவருக்கு 'நொட்டை அக்கா' என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். ஆனால் அதை முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் அந்த மகராசனுக்கும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் இடது இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு, நடை பழகும்வரை தம்பி வீட்டில் இருக்கலாம் என்று ஊன்றுகோலோடு வந்து இறங்கினார். அவளுக்கு மனசு சரியில்லாத நேரம் பார்த்தா வர வேண்டும்?

அவள் மயக்க மருந்து டாக்டர். மனிதர்களைத் தூங்க வைத்துப் பத்திரமாக எழுப்பி விடுவது அவள் வேலை. அவளை எழுப்பி விடுவதற்கு ஒரு கார் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பட்டனைத் தட்டினால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் இளகும், இன்னொரு தடவை தட்டினால் இறுகும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த ரேஸ் டிராக்கில் அதை விரட்டிவிட்டு வந்தால், அடுத்த மாதம் முழுக்க அவள் முகம் தெளிவாக இருக்கும்.

அந்த டிராக்கில் வலது பக்கம் திரும்பும் வேகமான வளைவு ஒன்று உண்டு. சில மாதங்களாக அந்த வளைவில் காரின் பின்புறம் திடீரென்று வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு முறை வண்டி பம்பரமாகச் சுற்றிப் புல்தரையில் போய் நின்றது. சஸ்பென்ஷன் பழசாகிவிட்டது என்று நினைத்து, டிராக்குக்கென்றே செய்த புதுசைப் போட்டுவிட முடிவு செய்தாள். பட்டறைக்காரர் நான்கு ஷாக் அப்சார்பரையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார். அவற்றை ஆட்டி வைக்கும் கண்ட்ரோல் பெட்டியும் புதிது. முன்சக்கரம், பின்சக்கரம் என்று தனித்தனியாக எவ்வளவு இறுக்கம் வேண்டுமென்று போனிலேயே வைத்துக்கொள்ளலாம். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே வளைவில் மூன்றாவது முறையாகச் சுற்றினாள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல டாக்டர். ஸ்கிரீன்ல எல்லாமே பச்சையா இருக்கு" என்றார் பட்டறைக்காரர். தங்கமான மனுஷன், சொல்லவே கூச்சப்பட்டார். "நீங்க வேணும்னா ஒரு நாலு கிளாஸ் கோச்சிங் போய்ப் பாருங்களேன்."

கணவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "விடும்மா. வயசாகுதுல்ல, கை முன்ன மாதிரி இருக்குமா?"

இரண்டு பேருமே அன்பாகத்தான் சொன்னார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். கை போய்விட்டது என்ற எண்ணம் மெல்ல ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் வந்துவிட்டது. ஊசியில் மருந்தை ஏற்றிய பிறகு மருந்துச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நர்ஸ் ஒருத்தி அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காததுபோல் திரும்பிக்கொண்டாள். இன்னொரு ஞாயிறு போய்ப் பார்ப்பது, மறுபடியும் சுற்றினால் காரை விற்றுவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள். ஆனால் காரை விற்ற பிறகு தன் கையை எப்படி நம்புவது?

அந்த வாரம் கணவன் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தான். நாத்தனாரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போக ஸ்போர்ட்ஸ் காரை விட்டால் வேறு வழியில்லை.

"இது என்ன, காரா கிணறா? இறங்கிப் போய்ல்ல உக்கார வேண்டியிருக்கு" என்று ஆரம்பித்தார் நாத்தனார். சீட் ஒடுங்கிக் கிடந்தது, பெல்ட் கழுத்தை அறுத்தது, கண்ணாடி ஓர் ஆள் எட்டிப் பார்க்கக்கூட லாயக்கில்லை. அவள் சஸ்பென்ஷனை முழுக்க இளக்கி வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமை வேகத்தில் ஓட்டினாள். பள்ளிக்கூடத்தின் எதிரே ஒரு வேகத்தடை. அதைத் தாண்டியதும் நாத்தனார் "ம்ச்" என்றார். நூலகம் பக்கத்தில் இன்னொன்று. அங்கேயும் "ம்ச்."

"இப்ப என்னக்கா?"

"ஏறும்போது ஒழுங்காத்தான் ஏறுது. அப்புறம் எனக்குப் பின்னாடி, இந்தப் பக்கம் மட்டும், தனியா இன்னொரு ஆட்டம் ஆடுது. நல்லாவே இல்ல."

அவ்வளவுதான். பதினெட்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்தது. அவள் காரை ஓரங்கட்டினாள்.

"நேராவே சொல்லிடுங்களேன்க்கா, எனக்கு ஓட்டத் தெரியலன்னு! எல்லாரும் சொல்லியாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. கை போயிடுச்சு, போதுமா?"

கத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். நாத்தனார் அவளை விநோதமாகப் பார்த்தார். அவர் மேல் யாரும் கத்தியதில்லை. அது அவருக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது போலக்கூட இருந்தது.

"உனக்கு ஓட்டத் தெரியலன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றார். "இத்தனை வருஷத்துல உன்கிட்ட எத்தனையோ குத்தம் சொல்லியிருக்கேன். நீ வண்டி ஓட்டுறதைச் சொல்லியிருக்கேனா? யோசிச்சுப் பாரு. என் தம்பி ஓட்டினா ஒவ்வொரு பிரேக்குக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னையில்ல கூட்டிட்டுப் போகச் சொன்னேன்?"

அவள் யோசித்தாள். உண்மைதான். அன்றைக்கு வாசலில் கணவன் சாவியோடு நிற்க, 'அவளை வரச் சொல்லு' என்று இவர் பிடிவாதம் பிடித்தார். அதையும் தன்னை வேலை வாங்கும் அதிகாரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நீ சரியாத்தான் ஓட்டுற. வண்டிதான் நொண்டுது, என்னை மாதிரியே" என்றார் நாத்தனார். "இடது பின்னங்கால். எனக்குத் தெரியாதா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வலது பக்கம் திரும்பும் வளைவு. அதில் பாரம் முழுக்க விழுவது இடது பின்சக்கரத்தின் மேல்.

பிசியோதெரபி அன்றைக்கு நடக்கவில்லை. கார் நேராகப் பட்டறைக்குப் போனது. விஷயத்தைக் கேட்ட பட்டறைக்காரர் நாத்தனாரின் ஊன்றுகோலைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். இருந்தாலும் மறுக்கவில்லை. டாக்டரை ஓட்டச் சொல்லி, தெருமுனை வேகத்தடையில் கார் ஏறி இறங்குவதை நடைபாதையில் குந்தியபடி கவனித்தார். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து நாத்தனார் "இதோ!" என்று கையைத் தூக்கினார். பட்டறைக்காரர் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். மாற்றிய பிறகும் இடது பக்கம்தான் ஆடியது.

"அப்ப ஷாக் அப்சார்பர்ல கோளாறு இல்ல" என்று தாடையைச் சொறிந்தார். "பெட்டியும் புதுசு. நாம மாத்தாதது என்ன இருக்கு?"

மாற்றாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, காரோடு பிறந்த ஒயர். புது ஷாக் அப்சார்பரையும் பழைய ஒயரில்தான் செருகியிருந்தார்கள். சக்கரத்துக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். இடது பக்க ஒயர் ஒரு கிளிப்பில் உரசி உரசித் தோல் போய், உள்ளே ஓரிரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் மேலே ஏறும்போது கண நேரம் தொடர்பு விட்டுப்போகும், அந்த ஒரு கால் மட்டும் கட்டுப்பாடு இல்லாமல் ஆடும். கண் மூடித் திறப்பதற்குள் சரியாகிவிடுவதால் பெட்டி அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்டில் தூக்கி நிறுத்தி வைத்தால் எல்லாம் பச்சை.

பட்டறைக்காரர் புது ஒயர் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார். "மன்னிச்சிடுங்க டாக்டர். உங்களைப் போய் கிளாஸுக்குப் போகச் சொன்னேனே."

அவள் கழற்றிப் போட்ட பழைய ஒயரை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாத்தனார் அதற்குள் உட்காரக் கொடுத்த ஸ்டூலின் ஒரு கால் குட்டை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கு நாத்தனாரும் தலையணையும் கையுமாக வந்துவிட்டார். அவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டு அவள் சஸ்பென்ஷனை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த வளைவு நெருங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. கார் இடது பின்சக்கரத்தில் பாரத்தை வாங்கி, அப்படியே அழுந்தி உட்கார்ந்து, கோடு போட்டதுபோல் வளைவைக் கடந்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த சுற்றில் இன்னும் வேகமாகப் போனாள். அந்தக் கைகள் அவளுடையவைதான், எங்கேயும் போகவில்லை.

இறங்கி வந்தபோது நாத்தனார் போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குக் கை போயிடுச்சுன்னு எந்த வாயால சொன்ன நீ? உனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமாடா? வந்து பாரு, இங்க நிக்கிறவன் எல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்கிறான்!"

அவளைக் கண்டதும் சட்டென்று போனை வைத்துவிட்டு, "தொப்பியைக் கழட்டினா தலையைச் சீவ மாட்டியா?" என்றார்.

அவள் மண்டி போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இல்லன்னா நான் இதை விட்டிருப்பேன். என் வேலையையும் பயந்து பயந்துதான் செஞ்சிருப்பேன். ரொம்ப நன்றிக்கா."

நாத்தனாருக்கு இதற்கெல்லாம் பழக்கமில்லை. "சரி சரி, எழுந்திரு, தரை பூரா எண்ணெய்" என்றார். ஆனால் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், பாதிப் பேச்சில் ஓய்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு வலியில் நல்ல தூக்கமே இல்லை என்று தினமும் புலம்புகிறவர், சீட்டில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டார். எத்தனையோ பேரை மருந்து போட்டுத் தூங்க வைத்தவள், மருந்தில்லாமல் ஒருவரைத் தூங்க வைத்தது இதுதான் முதல் தடவை. அவள் சத்தமில்லாமல் பட்டனைத் தட்டி சஸ்பென்ஷனைக் கடைசிவரை இளக்கினாள். வீட்டுக்குத் திரும்பும் சாலையைத் தாண்டி, வேகத்தடையே இல்லாத சுற்றுவழியில் நிதானமாகப் போனாள். அது முடிந்ததும் இன்னொரு சுற்றுப் போனாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் நாத்தனார் கண் விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமா? வீட்டுக்கு வர வழி தெரியாதா உனக்கு?"

"தெரியலக்கா" என்றாள் அவள். அவர் இறங்கக் கதவைத் திறந்துவிட ஓடினாள்.