வேன் போன பிறகு

பாலகுரு எழுந்து பல் தேய்த்தான். உலை வைத்தான். சோறு வடிக்கும்போது, பட்டாசுக் கம்பெனி வேன் தெருமுனையைத் தாண்டும் சத்தம் கேட்டது. உடனே அவன் செல்போன் பேசியது: "செல்வலட்சுமி இன்னும் வீட்டில் இருக்கிறார். ஆட்டோ சொல்லிவிட்டேன்."

அவன்தான் அப்படிப் பழக்கியிருந்தான். வேன் போன பின்னும் மனைவியின் போன் வீட்டிலேயே இருந்தால், ஏஐ உதவியாளர் தானாகவே ஆட்டோ செயலியில் வண்டி பிடித்துவிடும். கம்பெனி வெடிவிபத்தில் அவள் இறந்த பிறகு, உள்ளே போன் கூடாதென்று கேட்டில் வாங்கி வைத்திருந்த அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் அதைத் தினமும் சார்ஜில் போட்டு வைத்தான்.

ஆமத்தூரில் அந்தச் செயலியில் இருப்பது சங்கிலிமுத்துவின் ஆட்டோ மட்டும்தான். அவன் வாசலில் நிறுத்தினான், இறங்கவில்லை.

"இன்னைக்கும் கூப்பிட்டுருச்சுண்ணே. அத நிப்பாட்டுங்க. அன்னைக்கு மதினிய ஏத்திட்டுப் போனவன் நான். இந்த வாசலுக்கு வர முடியல."

பாலகுரு போனை எடுத்தான்.

"செல்வலட்சுமிக்கு இனி ஆட்டோ வேண்டாமா?" என்று அது கேட்டது.



வேனைத் தவறவிட்டால் அன்றைக்கு லீவு. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். வெடித்த அன்றும் அவள் வேனை விட்டிருந்தாள். ஆட்டோவில் ஏறிக்கொண்டே சிரித்தாள்.

"வேன் போயிருச்சு, பேசாமப் படுக்கலாம்னு பாத்தேன். ஒங்க போனு விடமாட்டேங்குதே!"